உசத்தின வண்டியும் மஞ்சள் லைட்டும்

ஸ்பிரிங் மாத்தி வண்டியை ரெண்டு இஞ்ச் உசத்திக் கட்டுறது ஒரு நாள் வேலை. அதுக்கப்புறம் டேஷ்போர்டுல எரியுற மஞ்சள் லைட்டை அணைக்கிறதுதான் பேஜாரு. இந்தத் தொழில்ல மாட்டிக்கினு முழிக்கிறவங்களுக்கு நான் சொல்லணுமா? திண்டிவனத்துல என் பட்டறையில அன்வர் பாய் இல்லன்னா எப்பவோ கடையை மூடியிருப்பேன். கோட்டக்குப்பத்துக்காரர், எலக்ட்ரீஷியன். துபாய்ல பாலைவனத்துல ஓடுற வண்டிங்களைப் பார்த்த கை.

பொட்டு வெச்ச டேஷ்போர்டு

பொம்மையார்பாளையத்துல ரூம் வாடகைக்கு விடுறவர் ஒருத்தர் வந்தார். உசத்தினதுலேர்ந்து ஸ்டியரிங் லைட் எரியுதாம். எங்கன்னு பார்த்தா, லைட்டை மறைச்சு மேல ஸ்டிக்கர் பொட்டு! ஸ்டியரிங் கொஞ்சம் கோணலா நின்னதால, நேரா போனாலும் திரும்புறதா வண்டி நெனைச்சிக்கினு இருந்துது. பாய் அதை நேராக்கி, வண்டியோட கம்ப்யூட்டர்ல ஸ்கேனரை மாட்டிப் பதிய வெச்சார். லைட் அணைஞ்சுது. வந்தவர் பொட்டை உரிச்சுக்கினே சொன்னார்: "நல்ல வேளைங்க, இன்னொரு லைட் எரிஞ்சிருந்தா வீட்டுக்காரம்மாவோட பொட்டு அட்டையே காலி."

ரெண்டு நாள் ஸ்கேனர்

செஞ்சி பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வியாபாரம் பண்ற நயினார் வண்டியில பிரேக்கோட ஏபிஎஸ் லைட் வரும், போவும். ரெண்டு நாள் ஸ்கேனரை மாட்டி மாட்டிக் கழட்டினேன். பாய் வந்து நயினார்கிட்ட, "எப்பங்க எரியுது?"ன்னார். "வலது பக்கம் ஒடிச்சுத் திரும்பினா." பாய் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சார். சக்கரத்துக்குப் போற ஒயர் நீளம் பத்தாம இழுத்துக்கினு நின்னுது. நயினார் என்னைப் பார்த்தார். "நீ மிஷினைக் கேட்டப்பா, அவரு என்னைக் கேட்டாரு."

ஜெயமேரியோட ஜீப்

ஜெயமேரி கூட்டேரிப்பட்டு பக்கத்துலேர்ந்து புள்ளைங்களை ஸ்கூலுக்கு ஏத்திக்கினு போறவங்க. மழையில ஏரிக்கரை ரோட்டுல தண்ணி நிக்கும், அதான் என்கிட்ட ஜீப்பை உசத்தினது. நாலாம் நாள் சாயந்திரம் ஏபிஎஸ் லைட்டோட வந்து நின்னாங்க. காலையில ஸ்கூல்.

"புது ஸ்பிரிங் செட்டானா சரியாயிடும்மா, ஸ்கேனர்ல லைட்டை அழிச்சுத் தர்றேன்"னேன். பாய் என் கையிலேர்ந்து ஸ்கேனரை வாங்கி ஓரமா வெச்சார். "ஜாக் போடுங்க."

சக்கரம் தொங்கினதும் உள்ள குனிஞ்சு பார்த்தேன். பிரேக் ஆயில் போற ஹோஸ் கொடிக்கயிறு மாதிரி விறைச்சு நிக்குது, ரப்பர் விரிசல் விட்டிருக்கு. அதோட சேர்த்துக் கட்டின சென்சார் ஒயர் அறுந்திருக்கு. வண்டி தரையில நிக்கும்போது எல்லாம் ஒழுங்காத்தான் தெரியும். நான் அப்படித்தான் பார்த்தேன், நீளமான ஹோஸும் போடல. ஒரு பெரிய பள்ளத்துல இறங்கியிருந்தா ஹோஸ் அறுந்து பிரேக்கே இருந்திருக்காது.

பாய் ஜல்தியா பைக்கை எடுத்து விழுப்புரம் போய் ஹோஸும் ஒயரும் வாங்கி வந்து மாட்டினார். அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஜெயமேரிகிட்ட என் தப்பை நானே சொன்னேன். கழட்டின பழைய ஹோஸை அவங்க கையில வாங்கிப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "புள்ளைங்க உக்கார்ற வண்டிண்ணே. இனிமே பாய் பார்த்துட்டாருன்னு சொல்லுங்க, அப்பதான் எடுப்பேன்."

இத்தனை வருஷத்துல அந்த மஞ்சள் லைட் ஒரு தடவை கூடப் பொய் சொன்னதில்லீங்க, சொன்னதெல்லாம் நான்தான்.