பெயரில்லாத மூன்றாவது விண்டோ

கொக்குவில் நிரோஜினி கணினி விஷயத்தில் எதையும் ஒன்றுக்கு மூன்று தரம் பார்ப்பாள். மனிதர்களை அப்படிப் பார்க்கப் பழகவில்லை. சுபாஸ்கரனோடு சேர்ந்து தமிழ் எழுத ஒரு செயலி செய்து வலிகாமத்து அச்சுக் கடைகளுக்குக் கொடுத்திருந்தாள். அவளுடைய அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவன் சுபாஸ்கரன். அவனை நம்ப அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

இணுவிலில் கல்வெட்டு அடிக்கும் கமலாவதி அக்காதான் முதலில் முறையிட்டார். செத்தவீட்டு முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் அந்த நினைவுப் புத்தகத்தை யாரும் புதிதாக அடிப்பதில்லை. போன செத்தவீட்டுக் கல்வெட்டைத் திறந்து, பழைய பெயரைத் தேடிப் புதுப் பெயரைப் போடுவதுதான் வழக்கம். அப்படிப் போடும்போது, தேடல் பெட்டியில் அடிக்கிற எழுத்துகள் எங்கேயோ போய்விடுகின்றன என்றார். அவர் கண் தாளில் இருக்கும், விரல் தன்பாட்டில் ஓடும். புதிதாகச் செத்த சிவசுப்பிரமணியம் என்பவரின் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில், முன்பு செத்த வேறொருவரின் பெயர் மாறாமல் அப்படியே அச்சாகிவிட்டது.

நிரோஜினி தன் கணினியில் 'அம்மா, ஆடு' என்று அடித்தடித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. "உங்கடை கைப்பிழைதான் அக்கா," என்று சொல்லிவிட்டாள். கமலாவதி சிவசுப்பிரமணியம் வீட்டு முற்றத்தில் போய் நின்று மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த மாதமும் அதே முறைப்பாடு. இம்முறை நிரோஜினி, ஃபோக்கஸ், அதாவது அடிக்கிற எழுத்து போய்ச் சேரும் இடம், எந்த விண்டோவில் இருக்கிறது என்று நொடிக்கு நொடி குறித்துக்கொள்ள ஒரு வழி செய்தாள். உண்மையான கல்வெட்டு ஒன்று வேண்டுமே என்று அப்பாவுடையதையே திறந்தாள். தேடல் பெட்டியில் பெயரை அடித்துக்கொண்டிருக்கையில் செயலி தானாகச் சேமித்தது. அந்த நொடியே எழுத்துகள் காணாமல் போயின. பதிவில் கல்வெட்டு, தேடல் பெட்டி என்று இரண்டு விண்டோக்களுக்குப் பதில் மூன்று இருந்தன. மூன்றாவதற்குப் பெயரில்லை. அது திரையிலும் தெரியவில்லை.

நிரலைக் கிண்டினாள். சுபாஸ்கரன் எழுதிய பகுதி. கோப்பில் தொலைபேசி இலக்கம் இருந்தால் மட்டும், சேமிக்கும்போது அந்த விண்டோ ஒளிந்து திறக்கும்; இலக்கங்களைப் பொறுக்கி வெளியே அனுப்பிவிட்டு மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியில் அடித்த எழுத்துகளெல்லாம் அதற்குள் போய் விழுந்தன. கல்வெட்டின் நன்றிப் பக்கத்தில் கனடா, லண்டன் உறவுகளின் இலக்கமெல்லாம் கிடக்கிறதே! அப்பாவின் முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு, காணியை விற்கச் சொல்லி யாரோ ரொறன்ரோ அத்தையைப் போனில் அரித்தெடுத்தது இப்போதுதான் விளங்கியது.

உடனே சுபாஸ்கரனுக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, என்ரை அப்பாவின்ரை கல்வெட்டிலையுமோ?"

"உது வெறும் நம்பர்தானே. என்ரை மச்சான் காணித் தரகு செய்யிறான், அவன்தான் கேட்டவன். நீர் ஏன் உதைப் போய்க் கிண்டினனீர்?"

பாவி, ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, திருத்திய செயலியைப் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு இணுவிலுக்குப் போனாள். கமலாவதியிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அப்ப என்ரை கைப்பிழை இல்லை?"

"இல்லை அக்கா. எல்லாம் சுபாஸ்கரண்ணை செய்தது. சத்தியமா எனக்குத் தெரியாது."

கமலாவதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டுபேரும் சேர்ந்துதானே பிள்ளை செய்தனீங்கள்? அண்டைக்குக் கைப்பிழை எண்டு அடிச்சுச் சொன்னனீர். இண்டைக்குத் தெரியாது எண்டுறீர்."

நிரோஜினி பென்ட்ரைவை நீட்டினாள். கமலாவதி கையை நீட்டவில்லை.

"உதுக்குள்ளை இப்ப என்னத்தை ஒளிச்சுக் கொண்டு வந்திருக்கிறீர்?" என்று கேட்டார்.