இரண்டு தட்டு

வீட்டுக்குத் திரும்பும் வத்தேகம பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டுதான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

கண்டியில் இங்கிலீஷ் டியூஷன் முடிந்த மகளைக் கூட்டிவரப் போனேன். முகம் வாடிப்போய் வந்தாள்.

இன்றைக்கு வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்ட காலத்துக் கண்டியைப் பற்றிப் பாடமாம். சொற்களை அசை அசையாகப் பிரித்துச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். 'பிளான்டேஷன்' என்றால் மூன்று தட்டு.

தோட்டத் தொழிலாளரை வெள்ளைக்காரர் இளக்காரமாக அழைத்த 'கூலி' என்ற சொல் வந்ததும் மிஸ் என் மகளை மட்டும் எழுப்பினாராம்.

"நீதானே எஸ்டேட் பிள்ளை. உனக்குத் தெரிஞ்ச சொல்லுதானே, தட்டு பாப்பம்."

பிள்ளை எழுந்து சரியாக இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம்.

நான் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதில்லை. ஆனால் அவளுக்குப் பதினோரு வயது.

நேரே உள்ளே போய் மிஸ்ஸிடம் கேட்டேன்.

"அது சரித்திரம்தானே, இதுக்கெல்லாம் கோவப்படலாமா? பிள்ளை சரியாத்தானே தட்டினா" என்றார்.

"அதே பாடத்துல தோட்டத் துரையைச் சொல்ற பிளான்டர்னு ஒரு சொல்லு இருக்கே மிஸ். அதுவும் சரித்திரம்தானே? அதைத் தட்ட யாரை எழுப்புனீங்க?"

மகள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"அதை எல்லாரும் சேர்ந்து தட்டுனோம்மா."

பிளான்டருக்கும் இரண்டு தட்டுதான். அதற்கு மட்டும் ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அப்படியே மிஸ்ஸுக்கு அனுப்பிவைக்கிறேன்.