சுதா காணாத பூஜ்ஜியம்

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சுதா போய்விட்டாள், சைதாப்பேட்டை வீட்டில், விடியற்காலையில். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கையிலிருந்த துண்டை நானே விழுங்கிவிட்டேன். குழந்தை வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

கணிதத் துறையில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தப் பழக்கம் தெரியும். பெரிய எண் எதைக் கண்டாலும் காரணிகளாக உடைக்காமல் விடமாட்டாள். தி.நகரில் நான் புடவையை விரித்துப் பார்த்தால், அவள் அதில் தொங்கும் அட்டையின் எண்ணைப் பார்ப்பாள். "பதிமூணுல போவுது. எடுத்துக்கோமா, நல்ல புடவை." பகா எண் வந்தால் மட்டும் முகம் மாறும். "அதுன்னா எனக்குப் பயம்டி. உள்ள போக வழியே இருக்காது."

என் மகள் பிறந்த அன்று, குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பினாள். மருத்துவமனைப் பதிவு எண் 510510. கத்தியேவிட்டாள். "ஏய்! ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு. முதல் ஏழு பகா எண்ணையும் பெருக்கினா இதான்! ஒண்ணுகூட ரெண்டாவது தடவை வரல. உன் பொண்ணு லேசுப்பட்டவ இல்ல."

நர்ஸ் அதட்டினார். "நீங்க யாருமா, ஜோசியரா?"

"இல்ல சிஸ்டர், கணக்கு டீச்சர். அதைவிட மோசம்."

அன்றிலிருந்து என் மகள் அவளுக்கு 'அஞ்சு லட்சம்'தான்.

சென்ற மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல். அதே மருத்துவமனை, அதே எண். துணைக்கு வந்த சுதா குழந்தையின் ஃபைலை மடியில் வைத்து அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தாள்.

"இது உடைய மாட்டேங்குதுடி. பகா எண்."

கிண்டல் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கடைசில ஜீரோ இருக்கே சுதா. பத்துல போகுமே."

"எங்க?" என்றாள். அவள் விரல் எண்ணின் மேல் ஊர்ந்து, கடைசிப் பூஜ்ஜியத்துக்கு முன்பே நின்றது.

குழந்தையின் காய்ச்சல் எனக்கு மறந்தேபோனது. அன்றே, அதே கட்டடத்தில், அவளைப் பரிசோதனைக்கு இழுத்துப்போனேன். வழியெல்லாம் திட்டினாள். "உன் பொண்ணுக்கு ஊசி போட வந்துட்டு எனக்கு இன்னாத்துக்குடி ஸ்கேனு?"

மூளையில் கட்டி. கத்தி வைக்க முடியாத இடம், உள்ளே போக வழியில்லை என்றார் மருத்துவர். சுதா என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா," என்றாள், "பகா எண்."

கடைசியாகப் பார்க்கப் போனபோது, "ஒரு நம்பர் சொல்லு" என்றாள். 510510 என்றேன்.

"பதினேழுல போவும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"மீதி?"

"மீதியெல்லாம் யாரோ எடுத்துட்டாங்கடி."

மகள் இப்போது எண்களைப் படிக்கிறாள். மயிலாப்பூரில் சாலை ஓரம் நிற்கும்போதெல்லாம் வண்டி எண்களைப் படிக்கச் சொல்கிறேன். அவளுக்கு அது விளையாட்டு. சுதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: கடைசி இலக்கம் வரும்வரை குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது. நேற்று ஓர் ஆட்டோவின் எண்ணை மூன்று இலக்கம் வரை சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் ஜீரோ" என்றாள். "ஏம்மா என் கையை இப்படி நசுக்குற?"