இராசமலர் எழுதிய ஏற்றுவரிசை

லிங்கநகரில் பிறந்த இராசமலர், பேராதனையில் கணிதப் பட்டம் பெற்றபின் ஆசிரியத் தொழிலுக்குப் போவார் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். அவரோ கொழும்பில் கணனிக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் வகுப்பொன்றில் சேர்ந்தார். அது என்ன வேலை என்று கேட்ட உறவினருக்கு, தந்தையார் பாக்கியரத்தினம், “மெசினுக்குக் கட்டளை எழுதிக் குடுக்கிறது” என்று விளக்கினார்.

“அப்ப மலருக்குப் படிப்புத் தேவையில்லை. வீட்டில எங்கள் எல்லாருக்கும் அதைத்தானே செய்யிறவ” என்றாள் சின்னம்மா.

படித்து முடித்ததும், சொந்த ஊரிலேயே, ஓர்ஸ் ஹில்லில் அலுவலகம் வைத்திருந்த தேயிலை ஏற்றுமதி நிறுவனமொன்றில் இராசமலருக்கு வேலை கிடைத்தது. நிறுவனத்துக்குச் சொந்தக் கணனி இல்லை. இராசமலர் தாளில் எழுதும் நிரலை, அசனா என்ற உதவியாளர் வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிடுவார். அட்டைகள் பெட்டியில் அடுக்கப்பட்டு இரவு ரயிலில் கொழும்புக்குப் போகும். அங்கே வாடகைக்கு எடுத்த கணனியில் வாரத்துக்கு ஒரு முறை அவற்றை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டாலும் வாரம் ஒன்று வீணாகும். ஆகவே பெட்டியைக் கட்டுமுன் இராசமலர் தாமே கணனியாக மாறி, பென்சிலும் கையுமாக ஒவ்வொரு வரியையும் நடத்திப் பார்ப்பார். அசனா அதற்கு ‘மிஸ்ஸுக்கு மெசின் பிடிச்சிருக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்.

எழுபதுகளின் இறுதியில், கப்பலின் சரக்கறையில் தேயிலைப் பெட்டிகளை எந்த ஒழுங்கில் ஏற்றுவது என்று தீர்மானிக்கும் நிரலொன்றை அவர் எழுதினார். கடைசித் துறைமுகத்தில் இறங்க வேண்டியது அடியில் இருக்க வேண்டும். முதல் துறைமுகத்துக்குரியது மேலே வர வேண்டும். பெட்டியின் எடையும் சரக்கறையின் அளவும் கணக்கில் சேர்ந்ததும் அது மனிதர் நாட்கணக்கில் மண்டையை உடைக்கும் வேலையாகிவிடும்.

முகாமையாளர் ஆனந்தராசா ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: “இந்தக் கப்பல் சரியாப் போனால் எங்கட கணனிப் பகுதி இஞ்சயே இருக்கும். பிழைச்சால் மூடச் சொல்லித் தலைமையகம் முடிவெடுத்திருக்கு. நீர் கொழும்புக்குப் போகவேண்டி வரும்.”

பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோயிருந்த தந்தையைத் தனியே விட்டுவிட்டு இராசமலரால் எங்கும் போக இயலாது. கொழும்பு என்றால் வேலையை விடுவது என்றே பொருள்.

ஏற்றும் நாள் வந்தது. காலையிலேயே இறங்குதுறையிலிருந்து தொலைபேசி மணி அடித்தது. பேசியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஸெய்னுதீன், ஏற்றுவேலையின் மேற்பார்வையாளர்; இராசமலருக்கு அண்ணன் முறையில் ‘காக்கா’.

“தங்கச்சி, உங்கட மெசின் கராச்சிப் பெட்டியளை அடியில போடச் சொல்லுது. கப்பல் முதல்ல போறதே கராச்சிக்கு. அங்க போய், மேல கிடக்கிற மத்தப் பெட்டியெல்லாம் கடல்ல தள்ளுறதா?”

“ஏத்தத் தொடங்கிட்டியளோ காக்கா?”

“இல்ல. நான் மறிச்சுப் போட்டன். ஆக்களெல்லாம் சும்மா இருந்து வெத்திலை போடுறாங்க. கப்பல்காரன் என்னைப் பாத்து முறைக்கிறான்.”

இராசமலர் நிரலை மேசையில் பரப்பி, மீண்டும் கணனியாக மாறினார். வரிசைப்படுத்தும் பகுதி சரி. எடை சரி. துறைமுகங்களின் ஒழுங்கும் சரி. பிழை அகப்பட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஒன்றும் அகப்படவில்லை. எழுதியவருக்கே தெரியாத பிழையை எங்கே போய்த் திருத்துவது? கொழும்பிலிருந்து அச்சாகி வந்திருந்த ஏற்றுவரிசையின் பிரதியைச் சுருட்டிக்கொண்டு அலுவலக ஜீப்பில் இறங்குதுறைக்கு விரைந்தார்.

ஸெய்னுதீன் தம்மிடமிருந்த பிரதியைப் பலகையொன்றில் குத்தி வைத்திருந்தார்.

“காக்கா, இதை ஒருக்கா வாசியுங்கோ.”

அவருடைய விரல் தாளின் கடைசி வரியில் போய் நின்றது. “முதல்ல கராச்சி. அதுக்கு மேல குவைத். அதுக்கும் மேல பஸ்ரா.”

இராசமலர் அந்த விரலையே பார்த்தார். “ஏன் கீழயிருந்து வாசிக்கிறியள்?”

“வேற எங்கயிருந்து? கப்பலைக் கீழயிருந்துதானே நிரப்புற? மெசின் வரமுந்திக் கையால வரிசை எழுதின கனகரத்தினம் ஐயாவும் இப்பிடித்தானே எழுதித் தந்தவர்.”

இறங்குதுறையில் ஏற்றுவரிசை என்பது சரக்கறையின் படம். தாளின் அடிதான் கப்பலின் அடி. இராசமலரோ முதலில் செய்ய வேண்டியதை முதல் வரியில் அச்சிடச் செய்திருந்தார். அவர் அங்கிருந்த தேயிலைப் பெட்டியொன்றில் பொத்தென்று அமர்ந்தார். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

“மேலயிருந்து வாசியுங்கோ காக்கா.”

“பஸ்ரா, குவைத், கராச்சி...” ஸெய்னுதீன் தலையில் கை வைத்தார். “அட, சரியாத்தானே சொல்லியிருக்கு! விடிஞ்சதிலிருந்து நான் அந்த மெசினுக்கு ஏசிக்கொண்டு நிண்டனே!”

“எனக்கும் சேர்த்துத்தானே?”

“உங்களுக்கு மனசுக்குள்ளதான் தங்கச்சி” என்றவர், ஆட்களின் பக்கம் திரும்பி, “டேய், வெத்திலையைத் துப்பிட்டு எழும்புங்கடா! பஸ்ரா முதல்ல!” என்று குரல் கொடுத்தார்.

கப்பல் அன்று மாலையே புறப்பட்டது. இனிமேல் மேலிருந்து வாசிக்கும்படி தொழிலாளருக்கு உத்தரவிடப் போவதாக ஆனந்தராசா சொன்னார். இராசமலர் உடன்படவில்லை. “இத்தனை பேரின்ர பழக்கத்தை மாத்துறதைவிட நாலு அட்டையை மாத்துறது சுகம், சேர்” என்றார். அடுத்த கப்பலுக்கு வரிசை அடியிலிருந்தே அச்சாகி வந்தது.

கொழும்பில் நிரல் எழுதுவோர் மாதந்தோறும் கூடும் கூட்டத்தில் இராசமலர் இதை மறைக்காமல் எடுத்துரைத்தார். நிரல் சரியாக இருந்தும் ஏற்றுவேலை பிழையாகப் போகப் பார்த்த கதையைக் கேட்டுச் சபை சிரித்தது. அட்டைகளின் பிரதியைக் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: திருத்துகிறவர் தமது பெயரைத் தொடக்க அட்டையில் சேர்த்துவிட்டு, திருத்தத்தை எல்லோருக்கும் திருப்பித் தர வேண்டும். காலி நகரில் ஒரு களஞ்சியத்துக்குப் போன பிரதி, எடைக் கணக்கை விரைவாக்கும் புதிய பகுதியோடு திரும்பி வந்தது. பெயர்கள் ஓர் அட்டையில் அடங்காமல் இரண்டாம் அட்டைக்கும் போயின.

கராச்சியில் பெட்டிகள் தடையின்றி இறங்கியதாகத் தந்தி முன்னரே வந்திருந்தது. வேறு நிறுவனங்களும் இந்நிரலைக் கேட்பதைக் கண்ட தலைமையகம், பகுதியை மூடும் எண்ணத்தைக் கைவிட்டது. ஆனந்தராசா அதைச் சொன்னபோது அசனா நாற்காலியிலிருந்து துள்ளியெழுந்தார். இராசமலரோ அன்றிரவு ரயிலுக்குப் போக வேண்டிய அட்டைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தந்தையார் கட்டிலிலிருந்தே கேட்டார்: “எப்ப பிள்ளை கொழும்புக்கு வெளிக்கிடுறாய்?”

“நான் போகேல்லை அப்பா. அட்டைப் பெட்டிதான் போகும்.”

“அப்ப எனக்கு ஒரு தேத்தண்ணி போடு” என்றார் பாக்கியரத்தினம்.