தலையணைக்காரி

எங்கள் ஆம்புலன்ஸில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தலையணைக்காரி என்று பெயர். வைத்தவன் நான்தான், வண்டி ஓட்டுகிறவன். யாராவது மயங்கி விழுந்தால் போதும், பாசக்காரச் சொந்தங்கள் ஓடிவந்து தலைக்கடியில் தலையணையைத் திணித்துவிடுவார்கள். கழுத்து மடங்கி, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு அடைத்துக்கொள்ளும். இவள் உள்ளே நுழைந்ததும் அதை உருவி வீசுவாள். ஒருமுறை அது என் மூஞ்சியில்தான் வந்து விழுந்தது.

நெற்றியில் ஒரு கை, மோவாயில் இரண்டு விரல், தலையை மெல்லப் பின்னால் சாய்த்தால் மூச்சுவழி திறக்கும். கீழே விழுந்து அடிபட்டவர் என்றால் கழுத்தைச் சாய்க்கவே கூடாது. தலைமாட்டிலிருந்து, இரண்டு காதுக்குக் கீழேயும் விரல் கொடுத்துத் தாடையை மட்டும் முன்னால் தள்ள வேண்டும். புருஷனைச் சமையலறைத் தரையில் படுக்கப்போட்டு, மகளுக்கும் இதைப் பழக்கியிருந்தாள். அந்த மனுஷனுக்குத் தாடையில் கை பட்டாலே கூச்சம், சிரித்துவிடுவார்.

"பொணம் சிரிக்குமா? சும்மா படுங்க" என்பாள்.

"சரி, இப்பவே பழகிக்கறேன்" என்பாராம்.

பாழாய்ப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்விசிறி துடைக்க ஏணியில் ஏறியவர் மல்லாக்க விழுந்தார். அழைப்பு எங்கள் வண்டிக்கே வந்தது. முகவரி அவள் வீடுதான்; கேட்டதும் மருந்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் எந்தச் சிவப்பு விளக்கையும் நான் மதிக்கவில்லை.

போய்ப் பார்த்தால், மகள் தலைமாட்டில் மண்டியிட்டிருக்கிறாள். முழங்கை இரண்டும் தரையில், விரல்கள் தாடைக்குப் பின்னால். தலையணையோடு வந்த பக்கத்து வீட்டு அத்தையைத் திட்டித் துரத்தியிருக்கிறாள். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஆனால் அடி மண்டைக்குள்ளே. மருத்துவமனையில் சாயங்காலமே உயிர் போய்விட்டது.

"அம்மா, நான் கழுத்தச் சாய்க்கவே இல்லம்மா. சரியாத்தானே பிடிச்சேன்?"

"சரியாத்தான் பிடிச்சே, கண்ணு. என்னைவிட நல்லா பிடிச்சே."

அவர் வாய் திறந்தே கிடந்தது. "விறைக்கறதுக்குள்ள மூடிடுங்கக்கா" என்றாள் நர்ஸ். எத்தனையோ பேருக்கு மூச்சுவழி திறந்துவிட்ட கை, மோவாய்க்குக் கீழே போய் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மேலே தள்ளினாள்.

மகள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "மூடாதம்மா! அப்பாவுக்கு மூச்சடைக்கும்."

தலையணைக்காரி கையை எடுத்துக்கொண்டு, மகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். வாயை நான்தான் மூடினேன். தாடையில் கை பட்டும் அந்த மனுஷன் சிரிக்கவில்லை.