மாமரத்தடியில் கிடந்த மரப்பொடி

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் ஜெபித்த லட்சணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், சகோதர சகோதரிகளே.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இடுப்பு எலும்பு உடைந்த என் கணவர் அங்கேதான் படுத்திருக்கிறார். அந்தக் கூரைக்கு ஒரே நிழல் எங்கள் மாமரம். இந்தக் கோடையில் அதன் இலைகள் மஞ்சளாகி, பெரிய கிளை ஒன்று முழுசாகக் காய்ந்தது. மரம் போனால் அந்த மனுஷன் வெந்தே போவார்.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமில்லை. என் கொழுந்தனார் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, "பூஞ்சைதான் அண்ணி, அடிச்சுச் சொல்றேன்" என்றார். மரத்துக்குக் கிட்டே கூடப் போகவில்லை. நர்சரிக்காரன் ஒரு காய்ந்த இலையை முகர்ந்துவிட்டு மூன்று பாட்டில் மருந்தை என் தலையில் கட்டினான். பெரிய டாக்டர் என்ற நினைப்பு! அதை அடித்து நான் இருமியதுதான் மிச்சம். கடைசியில் கொழுந்தனார், "திங்கக்கிழமை வெட்ட ஆள் வருது" என்று முடித்துவிட்டார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? மரத்தடியில் தினமும் மரப்பொடி கிடந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் நசீர் இக்காவின் பட்டறை, பழைய மேசை நாற்காலிகளைப் புதுப்பிக்கிற இடம். அவர்தான் பொடியைக் கொட்டி மரத்தைக் கெடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் கூட்டி அள்ளி அந்தப் பக்கமே வீசினேன். சனிக்கிழமை காலை முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, இந்தப் பொடி எங்கேருந்து வருதுன்னு அந்த ஆள் வாயாலேயே சொல்ல வையும்!" ஜெபமா அது? போலீஸ் விசாரணை.

ஆமென் சொன்ன கையோடு அன்றைய பொடியையும் வீசினேன். அது நசீர் இக்கா பாலிஷ் போட்டுக் காயவைத்த மேசைமேல் போய் விழுந்தது. கை நிறையப் பொடியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"சேச்சி, இது என் கடைப் பொடி அல்ல. நேத்து வெள்ளிக்கிழமை, கடை அடைப்பு. பின்னே இது எவிடேர்ந்து?"

அவர் நேரே போய் மரத்தண்டில் காதை வைத்தார்.

"உள்ளே புழு உண்டு. மரத்தைத் தின்னு பொடி தள்ளுது."

அடிமரத்தில் துளையைக் கண்டுபிடித்து, வளைத்த கம்பியை விட்டு, விரல் தடிமனில் மூன்று வெள்ளைப் புழுக்களை இழுத்துப் போட்டார். மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் அடைத்தார். வீடியோவும் இல்லை, பாட்டிலும் இல்லை.

திங்கட்கிழமை வெட்ட வந்தவனைத் திருப்பி அனுப்பினேன். மழை தொடங்கியதும் மற்ற கிளைகளெல்லாம் துளிர்த்தன. என் கணவர் நிழலில் படுத்திருக்கிறார். ஸ்தோத்திரம்!

நம்பிக் கேளுங்கள், அவர் தருவார். யார் கையால் தர வேண்டும் என்று மட்டும் அவருக்குப் பாடம் நடத்தாதீர்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது இக்கா சிரித்தார்.

"பொடி வீசுறவங்களுக்கு நல்ல புத்தி கொடு படச்சவனேன்னு நானும் தினம் துஆ செய்தேன், சேச்சி."

அந்தச் சனிக்கிழமை கேட்கப்பட்டது யாருடைய ஜெபம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.