பறக்கும் பையனை விட்ட தவக்காலம்

மகளின் செல்போனில் ஒரு கார்ட்டூன் பையன் விர்ரென்று பறந்தான். அந்தச் சத்தம் என்னை ஆவடி கோவில்பதாகை வீட்டுக்குக் கூட்டிப்போனது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஞாயிறுதோறும் டிவியில், பள்ளிச் சீருடையோடு பறந்து ஊரைக் காப்பாற்றும் பையன் ஒருவன் வருவான். அவன் என்றால் எனக்கு உயிர். அந்த வருடம் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் வீட்டில் எல்லோரும் கறியை விட்டோம். அம்மா எழுந்து நடக்க வேண்டுமென்று மாதாவிடம் சொல்லி, நான் அவனையும் விட்டேன்.

டிவிக்கு முதுகைக் காட்டி ஜெபமாலை சொல்வேன். அண்ணன் விடமாட்டான்.

"இன்னாடி, உன் ஆளுக்கு பவர் பூட்ச்சு! கட்டிப் போட்டுகீறானுங்க. இன்னிக்குத்தான் கடைசி எபிசோடு, திரும்பிப் பாரு!"

கட்டிலிலிருந்து அம்மாவே சொன்னாள்: "பாத்துக்கோ கண்ணு. மாதா கோச்சிக்க மாட்டாங்க."

"அவங்க கோச்சிக்க மாட்டாங்கம்மா. நான் சொல்லிட்டேனே."

ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஈஸ்டர் அன்று, உயிர்ப்பு ஞாயிறு பூசைக்கு, அண்ணன் தோளைப் பிடித்தபடி அம்மா நடந்தே வந்தாள்.

கதையைக் கேட்ட மகள், "அப்புறம் அந்தப் பையனுக்கு பவர் வந்துச்சாம்மா?" என்றாள்.

"தெரியாதுடி. உன் மாமா இன்னிக்கும் சொல்ல வருவாரு, நான்தான் காதைப் பொத்திக்குவேன். மாதாவுக்குக் குடுத்தது குடுத்ததுதான்."